மக்ரினிட்சாவை மேலிருந்து கீழாகப் பார்ப்பது எப்படி

கிரீஸின் பெலியோன் மலையில் இருக்கிற மக்ரினிட்சாவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சதுக்கத்தில் உட்கார்ந்து ஒரு காபி குடிப்பார்கள், கீழே தெரியும் கடலைப் படம் எடுப்பார்கள், வந்த வழியே திரும்பிவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் ஒன்றரை மணி நேரத்தில் ஊர் முடிந்துவிடும். ஆனால் இந்த ஊர் மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறி நிற்கிறது. சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் சதுக்கம் அந்த அடுக்குகளில் ஒன்று, அவ்வளவுதான். மேலே ஆரம்பித்துக் கீழே இறங்கிப் பார்த்தால்தான் ஊர் பிடிபடும். அதற்கு ஒரு முழு நாள் வேண்டும்.

எப்போது போவது

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை ஒரு நல்ல காலம். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இன்னொன்று. அக்டோபரில் செஸ்ட்நட் விழும். மலை முழுக்க நிறம் மாறியிருக்கும். கிரீஸ் என்றாலே கோடைதான் சீசன் என்று நினைத்து, டிசம்பரில் அறை மலிவாகக் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். பெலியோனின் மலை ஊர்களில் கணக்கு தலைகீழ். பனி பார்க்கவும், மேலே அக்ரியோலெஃப்கெஸ் சரிவுகளில் பனிச்சறுக்கு விளையாடவும் ஏதென்ஸ்காரர்களும் லாரிசாகாரர்களும் குளிர்கால வார இறுதிகளில் குவிவார்கள். அறை வாடகை அப்போதுதான் ஏறும். ஞாயிறு வேண்டாம்; செவ்வாய், புதன் என்றால் ஊர் உங்களுக்கே.

மே முதல் தேதியையொட்டிப் போனால் 'மாய்தெஸ்' திருவிழா கிடைக்கும். வேஷம் கட்டிய ஆட்கள் ஆடிப்பாடி வருவார்கள். ஒருவன் செத்து விழுந்து மறுபடி எழுவான். வசந்தத்தை வரவேற்கும் பழைய சடங்கு இது, கிறிஸ்தவத்துக்கு முந்தைய வாடை இன்னும் போகவில்லை. அந்த நாட்களுக்கு அறையை வெகு முன்னதாகவே பிடித்துவிட வேண்டும்.

போய்ச் சேரும் வழி

அடிவாரத் துறைமுக நகரமான வோலோஸிலிருந்துதான் பயணம் தொடங்கும். ஏதென்ஸிலிருந்து சுமார் 330 கிலோமீட்டர். லியோசியோன் பேருந்து நிலையத்தில் ஏறினால் நாலு, நாலரை மணி நேரம். லாரிசா வழியாக ரயில் பாதையும் உண்டு. ஆனால் 2023 செப்டம்பரில் வந்த டேனியல் புயல் லாரிசா - வோலோஸ் பாதையை அடித்துப்போட்டது. ரயிலை நம்பித் திட்டம் போடுமுன் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வோலோஸிலிருந்து மக்ரினிட்சா 17 கிலோமீட்டர். போர்த்தாரியா வழியாக வளைந்து வளைந்து ஏறும் பேருந்துக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வண்டி எண்ணிக்கை குறைவு, ஞாயிறு இன்னும் குறைவு. டிக்கெட்டை நிலையத்திலேயே எடுத்துக்கொண்டு, திரும்பும் நேர அட்டவணையைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். கடைசி வண்டியை விட்டால் டாக்சிதான். வாடகைக் காரில் வருபவர்கள் பதினோரு மணிக்குமுன் வந்துவிட வேண்டும். ஊருக்குள் கார் போகாது. நுழைவாயில் நிறுத்துமிடம் விடுமுறை நாளில் சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பினால் போர்த்தாரியாவில் நிறுத்திவிட்டு நடப்பது, சாலையோரம் திணித்து வைப்பதைவிட நல்லது. அந்தச் சாலையில் பேருந்து திரும்ப இடம் வேண்டும்.

தங்கப் போகிறீர்களா? சக்கரப் பெட்டி வேண்டாம். பழைய மாளிகைகளை விடுதியாக்கியிருக்கிறார்கள். அவற்றில் பல, படிகளில் இறங்கித்தான் போக வேண்டிய இடத்தில் இருக்கின்றன. கல் பாவிய பாதையில் பெட்டியின் சக்கரம் ஐம்பது மீட்டர்கூடத் தாங்காது. முதுகுப்பைதான் சரி. அறை பதிவு செய்யும்போது 'கார் நிறுத்துமிடத்திலிருந்து எத்தனை படி?' என்று கேளுங்கள். மீட்டரில் கேட்டால் கிடைக்கிற பதில் உதவாது. வரைபடச் செயலி காட்டும் நடை நேரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அது சமதளக் கணக்கு.

வீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நுழைவாயிலிலிருந்து சதுக்கத்துக்குப் போகும் நடைபாதையில் தேன், மூலிகை, ஜாடியில் அடைத்த பழ இனிப்பு விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும். திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். இப்போது தலையைத் தூக்கி வீடுகளைப் பாருங்கள். ஊரின் சொத்தே இவைதான்.

18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பட்டு, கம்பளி, தோல் வேலையில் பெலியோன் ஊர்கள் பணம் பார்த்தன. ஓட்டோமன் ஆட்சிக்குள்ளேயே இவற்றுக்கு வரியிலும் உள்ளாட்சியிலும் சில சலுகைகள் இருந்தன. அந்தப் பணத்தில் கட்டியவைதான் 'அர்கொண்டிகோ' எனப்படும் மாளிகைகள். ஒன்றின் எதிரில் நின்று கீழிருந்து மேலாகக் கண்ணை ஓட்டுங்கள்.

கீழ்த்தளம் தடித்த கல் சுவர். சன்னல் சிறிது, இரும்புக் கம்பி போட்டது. சரக்கு வைக்கவும், கொள்ளைக்காரர்கள் வந்தால் தாக்குப்பிடிக்கவும் அப்படி. கல் வரிசைகளுக்கு நடுவே படுக்கைவாட்டில் மரக்கட்டை ஓடுவதைக் கவனியுங்கள். அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. நிலம் அதிரும்போது சுவர் பிளந்து விரியாமல் பெல்ட் போலப் பிடித்து நிறுத்துவது அதுதான். நடுத்தளமும் கல்தான். சுவரின் கனம் சூட்டை வைத்திருக்கும் என்பதால் குளிர்காலக் குடியிருப்பு அங்கே. மூன்றாவது தளம் திடீரென்று ஆளே மாறிவிடும்: மரச்சட்டம் நிறுத்தி, வரிச்சு அடித்து, மண்ணும் சுண்ணாம்பும் பூசிய மெல்லிய சுவர். லேசானது என்பதால் கீழ்ச்சுவரைத் தாண்டித் தெருவின்மேல் நீட்டிக் கட்ட முடிந்தது. அந்த நீட்டலுக்குப் பெயர் 'சாச்னிசி'. சாய்ந்த மரத்தண்டுகள் அதைத் தாங்கும். வரிசையாகச் சன்னல்கள், அவற்றுக்கு மேலே சிறு சிறு வண்ணக் கண்ணாடிகள். கோடைக்கும் விருந்தாளிக்கும் இந்தத் தளம்.

கூரை, இதே மலையில் வெட்டிய சாம்பல் நிறச் சிலேட் கல். ஒன்றின்மேல் ஒன்று ஏறியபடி அடுக்கியிருப்பார்கள். பனியைத் தாங்கும், கனமும் அதிகம். அடியில் செஸ்ட்நட் மர உத்தரங்கள் தடியாக இருப்பது அதனால்தான். பராமரிக்காமல் விட்ட வீட்டில் முதலில் போவது உத்தரத்தின் நுனி. ஒரு கல் நகர்ந்து தண்ணீர் இறங்கினால் போதும், சில குளிர்காலத்தில் கூரை உட்கார்ந்துவிடும். தெருவில் இடிந்து கிடக்கும் வீடுகளில் இதை நேராகவே பார்க்கலாம்.

மலைச்சரிவில் கட்டிய வீடு என்பதால் முன்பக்கம் மூன்று மாடியாகத் தெரிவது, பின்பக்கம் போனால் ஒரே மாடியாக இருக்கும். பல வீடுகளுக்கு மேல்தெருவிலிருந்தே நுழைவு. இந்தப் பழைய வீடுகளுக்கு நடுவே தூண் வைத்த, சமச்சீரான, ஐரோப்பிய முகம் கொண்ட வீடு ஒன்று தெரிந்தால், அது பிற்காலத்தது. எகிப்துக்குப் போய்ப் பருத்தியில் சம்பாதித்துத் திரும்பிய பெலியோன்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பாணியை இழுத்து வந்தார்கள். பழையதுதான் அழகு என்பது எங்கள் கட்சி.

சதுக்கத்தில் ஒரு மணி நேரம்

'பிளேன்' என்ற அகன்ற இலை கொண்ட பெரிய மரங்கள் நிழல் கட்டியிருக்கும். அவற்றில் ஒன்றின் அடிமரம் பொந்து. ஆள் உள்ளே நுழையலாம். எல்லோரும் அதற்குள் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் எதிரே இருக்கும் சின்ன தேவாலயத்தின் பின்பக்கம் போங்கள். ஸ்நானக யோவானுக்குரிய இந்த ஆலயம் 1806-ஐச் சேர்ந்தது. பார்க்க வேண்டியது பின்புறத்து அரைவட்டச் சுவர்; வெளிப்பக்கத்தில் பளிங்குச் சிற்பப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். பெலியோனில் இப்படி வேலை செய்தவர்களில் பலர் கிரீஸின் மேற்கு மாசிடோனியா பகுதியிலுள்ள ஸுப்பானி (இன்றைய பெந்தாலோஃபோஸ்) பக்கத்திலிருந்து கூட்டமாக வந்த கொத்தர்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சிற்பம் எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் தட்டையாகிவிடும்.

பக்கத்திலேயே பளிங்கு நீரூற்று, 'சாகாத தண்ணீர்' என்று பெயர். விலங்குத் தலை வடிவக் குழாய்களிலிருந்து மலைத் தண்ணீர் விழும். பாட்டிலை இங்கே நிரப்பிக்கொள்ளுங்கள்.

சதுக்கத்துக் காபிக்கடை ஒன்றின் சுவரில் நாட்டுப்புற ஓவியர் தியோஃபிலோஸ் 1910-இல் வரைந்த ஓவியம் இருக்கிறது. ஓட்டோமன்களை எதிர்த்த மலைப் போராளி கத்சந்தோனிஸும் ஆட்களும் விருந்து உண்ணும் காட்சி. லெஸ்போஸ் தீவில் பிறந்த தியோஃபிலோஸ் வோலோஸ் பக்கம் பல வருடம் சுற்றி, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கூலியாகச் சுவர்களில் வரைந்தவர். 1934-இல் வறுமையில் இறந்தார். 1961-இல் பாரிஸின் லூவரில் அவர் ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். ஓவியம் பார்க்க உள்ளே போனால் முதலில் ஒரு காபி சொல்லுங்கள், ஃப்ளாஷ் போடாதீர்கள். கிரேக்கக் காபியைச் சர்க்கரையோடு சேர்த்தே காய்ச்சுவதால், சொல்லும்போதே அளவைச் சொல்லிவிட வேண்டும்: இல்லாமல் என்றால் 'ஸ்கேத்தோ', அளவாக என்றால் 'மேத்ரியோ', தூக்கலாக என்றால் 'கிளிக்கோ'. வந்தவுடன் குடிக்காமல் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள், தூள் அடியில் தங்கட்டும். கடைசி வாயை விட்டுவிடுங்கள்.

காபி ஆறும்வரை கீழே பாருங்கள். பாகசெட்டிக் வளைகுடாவின் ஓரம் வோலோஸ் முழுக்கக் காங்கிரீட் பெட்டிகளாகத் தெரியும். 1955 ஏப்ரல் நிலநடுக்கங்கள் பழைய நகரத்தை இடித்துத் தள்ளியதால் புதிதாகக் கட்டியது அது. மேலே மரக்கட்டு போட்ட சுவர்களைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் விஷயம் புரியும்.

'மரியாளின் விண்ணேற்பு' ஆலயத்தையும் விட்டுவிட வேண்டாம். 13-ஆம் நூற்றாண்டில் மலியாசினோஸ் குடும்பத்தைச் சேர்ந்த கான்ஸ்டன்டின் கட்டிய மடாலயத்தைச் சுற்றித்தான் ஊரே வளர்ந்தது. அந்த மடாலயத்தின் செதுக்குக் கற்கள் சில பிற்காலச் சுவர்களில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. மேலே ஏறத் தெம்பிருந்தால் புனித கெராசிமோஸ் மடாலயம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். மதியத்தில் கதவு மூடியிருக்கும் என்று வைத்துக்கொண்டு காலையிலேயே போங்கள்.

கீழே இறங்குவது

சதுக்கத்துக்குச் சற்றுக் கீழே 1844-ஐச் சேர்ந்த தோபாலி மாளிகை இருக்கிறது. இப்போது நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம். வெளியிலிருந்து படித்த மூன்று தளங்களை உள்ளே நடந்து சரிபார்த்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. எந்தெந்த நாள் திறப்பு என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இந்தச் சரிவுகளுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1878 மார்ச்சில் ஓட்டோமன்களுக்கு எதிரான எழுச்சியின்போது இங்கே நடந்த சண்டையில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையின் நிருபர் சார்லஸ் ஓகிள் கொல்லப்பட்டார். மூன்றே வருடத்தில், 1881-இல், பெலியோன் அடங்கிய தெசலி பகுதி கிரீஸோடு சேர்ந்தது.

அங்கிருந்து 'கால்தெரிமி' எனப்படும் கல்பாதை, குகுராவா என்ற கீழ்ப்பகுதி வழியாக வோலோஸின் மேற்புறத்தை நோக்கி இறங்குகிறது. சுமை ஏற்றிய கோவேறு கழுதைக்காகப் போட்ட பாதை. அகலமும் படியின் இடைவெளியும் அதன் காலடிக்கு ஏற்றவை, மனிதக் காலுக்கு இல்லை. குறுக்கே நீளக் கல் ஒன்று படி விளிம்பாக நிற்கும். அதற்கு இடையில் சின்னக் கற்கள். காலை விளிம்புக் கல்லில் வையுங்கள். நடுவில் இருக்கும் சின்னக் கல் இரு நூற்றாண்டுத் தேய்மானத்தில் வழவழவென்று இருக்கும், சுவரோரம் பாசி. மழை பெய்தால் அன்று இறங்கவே வேண்டாம், பேருந்தைப் பிடியுங்கள். இலையுதிர் காலத்தில் காய்ந்த இலை படியை மூடிவிடும், ஒரு கம்பு கையில் இருந்தால் தட்டிப் பார்த்து இறங்கலாம். ரப்பர் அடியில் பள்ளங்கள் வெட்டிய ஷூ போதும், மலையேற்றப் பூட்ஸ் தேவையில்லை. செருப்பு கூடாது.

சுமார் 500 மீட்டர் உயரம் இறங்குவீர்கள். நிதானமாக வந்தால் இரண்டு மணி நேரம். மூச்சு வாங்காது, முழங்கால்தான் பேசும். வலி உள்ளவர்கள் குகுராவாவரை போய்த் திரும்பி ஏறுவது மேல். இருட்ட மூன்று மணி நேரம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். கீழே அனகாசியாவில் கோந்தோஸ் வீடு இருக்கிறது. 1912-இல் தியோஃபிலோஸ் சுவர் சுவராக வரைந்து நிரப்பிய வீடு, இப்போது அவர் பெயரில் அருங்காட்சியகம். திறந்திருந்தால் சதுக்கத்து ஓவியத்தைவிட இது பத்து மடங்கு.

சாப்பாடு

பெலியோனின் அடையாளம் 'ஸ்பெத்சோஃபாய்': காரமான தொத்திறைச்சியும் குடைமிளகாயும் தக்காளியில் வெந்தது. பன்றி இறைச்சி பொதுவாக இருக்கும். சைவக்காரர்கள் 'நிஸ்திசிமோ' என்று கேளுங்கள். விரத நாளில் இறைச்சியும் பாலும் முட்டையும் இல்லாமல் சமைப்பதற்கான சொல் அது. ஆனால் விரதத்தில் கணவாயும் இறாலும் சாப்பிடலாம் என்பதால் அதையும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வெள்ளை பீன்ஸ் சூப், அடுப்பில் வெந்த பெரிய பீன்ஸ், கீரை அடை எல்லாம் கிடைக்கும். 'சித்சிராவ்லா' என்ற காட்டுக் கொழுந்து ஊறுகாய் இருந்தால் விடாதீர்கள்.

'மலைத் தேநீர்' என்ற மூலிகையை வாங்கும்போது பூவும் தண்டும் முழுசாக இருக்கும் கட்டை எடுங்கள், பொடியானது பழசு. ஒரு கோப்பைக்கு இரண்டு மூன்று தண்டு போட்டு நாலு நிமிடம் கொதிக்க விட்டால் போதும்.

இறங்கி முடித்த மாலையில் வோலோஸில் 'சிப்புரோ' என்ற சாராயம் விற்கும் கடைகள். 1922-க்குப் பிறகு ஆசியா மைனரிலிருந்து (இன்றைய துருக்கி) வந்த அகதிகள் நிலைநிறுத்திய பழக்கம் இது: ஒவ்வொரு சின்ன பாட்டில் சாராயத்துக்கும் ஒரு தட்டு தின்பண்டம் தானாக வரும். தட்டைத் தனியாக ஆர்டர் செய்ய வேண்டாம். அடுத்த பாட்டிலுக்கு அடுத்த தட்டு, அது முந்தையதைவிட நன்றாக இருக்கும், அதுதான் பொறி. சோம்பு சேர்த்ததா, சேர்க்காததா என்று முதலிலேயே கேட்பார்கள். நாற்பது சதவீதத்துக்கு மேல் போகும் சரக்கு என்பதால் இரண்டு பாட்டிலோடு நிறுத்துங்கள். மேலே விட்டுவந்த காரை அன்றே எடுக்க வேண்டியவர் மலைத் தேநீரோடு இருந்துவிடட்டும்.