நெல்லைச் சீமையில் ஆர்க்கிட் வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டைப் பக்கத்து நர்சரிகளில் ஆர்க்கிட் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. ஆசையோடு வாங்கி வந்த செடி, இருந்த பூவை இரண்டு மாதம் காட்டிவிட்டு, மறுபூ எடுக்காமலேயே பட்டுப்போவதும் அதே அளவுக்கு எளிதாக நடக்கிறது. பழியை நாம் வெயிலின்மேல் போட்டுவிடுகிறோம். நான் பார்த்த வரையில், வெயிலில் கருகியவற்றைவிட வேர் மூச்சுமுட்டிச் செத்தவையும், ஊர்க்காற்றின் போக்கு அறியாமல் வைக்கப்பட்டுக் காய்ந்தவையுமே அதிகம்.

நான் முதலில் வாங்கிய பெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகைச் செடியைச் செம்மண்ணும் தொழுஉரமும் கலந்த தொட்டியில், ரோஜாவுக்குச் செய்வதுபோலவே நட்டு, நாள்தோறும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். இலைகள் துவண்டபோது தாகம் என்று எண்ணி இன்னொரு செம்பு சேர்த்தேன். ஒரு மாதம் கழித்துத் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பிடித்தபோது, அதன் மேலுறை நனைந்த காகிதம்போல் உரிந்து விரலோடு வந்துவிட, உள்ளே நூல்போன்ற நடுநரம்பு மட்டும் எஞ்சியிருந்தது. பெலனாப்சிஸ், டென்ட்ரோபியம், வாண்டா ஆகியவை மரத்தின்மேல் தொற்றி வாழ்பவை. அவற்றின் வேரைச் சுற்றியுள்ள பஞ்சுபோன்ற உறை, நீரை நொடியில் உறிஞ்சி, பிறகு காற்றில் உலரும்படி அமைந்தது. மண்ணுக்குள் அது உலர வழியில்லாமல் அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை ஏற்ற முடியாததால், நீர் மிகுந்த செடியின் இலையும் நீரில்லாத செடியின் இலையும் ஒன்றுபோலவே துவளும். ஆகவே இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவது பிழை; வேரைப் பார்க்க வேண்டும். வெள்ளி நிறமாக இருந்தால் ஊற்றலாம், பச்சையாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

மண்ணுக்குப் பதிலாகக் கதம்பை எனப்படும் தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, ஓட்டுச்சில்லு ஆகியவை போதும். ஆனால் கதம்பையை அப்படியே போட்டுவிடக் கூடாது. அதிலுள்ள உப்பும் துவர்ப்புச் சாறும் வேரைச் சுடும் என்பதால், சில நாள் ஊறவைத்து, பழுப்பு நிறம் குறையும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளில் அது மக்கிச் சேறுபோலாகிவிடும். அப்போது மாற்றாமல் விட்டால் மண்ணில் நட்டதற்கும் அதற்கும் வேறுபாடில்லை.

அடுத்த தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. சிம்பிடியம் என்ற ஆர்க்கிட் அழகானதுதான், ஆனால் குளிர்ந்த இரவுகள் இல்லாமல் அது மொட்டெடுக்காது. கொடைக்கானலுக்குப் பொருந்தும் அச்செடி நம் ஊரில் புல்போல இலையை மட்டும் வளர்க்கும். பெலனாப்சிஸ் வீட்டு நிழலில் தாக்குப்பிடிக்கும் என்றாலும், பூந்தண்டு விட அதற்கும் சில வாரங்கள் இரவு சற்றுக் குளிர வேண்டும். நமக்கு அதற்கு வாய்ப்புள்ளவை மார்கழியும் தையும்தான். தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், வைத்து வளர்க்க நினைப்பவர்கள், வெப்பத்தை விரும்பும் டென்ட்ரோபியம் கலப்பினங்களையும் வாண்டாவையும் வாங்குவதே நல்லது. இவற்றுக்கு 50 சதவீத நிழல் வலை ஏற்றது. நிழல் நல்லது என்று எண்ணி வாண்டாவை வராந்தா மூலையில் தொங்கவிடுபவர்கள், அதன் கரும்பச்சை இலைகளைச் செழிப்பு என்று நினைத்து ஏமாறுகிறார்கள். போதிய ஒளி கிடைத்த செடியின் இலை சற்று வெளிறிய பச்சையாகவே இருக்கும்.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழுவதைக் கேட்டதும் நமக்கும் குளிர்காலம் வந்துவிட்டதாக ஒரு நினைப்பு வருகிறது. தண்ணீர் ஊற்றுவதைக் குறைத்துவிடுகிறோம். உண்மையில் மலையில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கிவரும் அந்தக் காற்று, பாளையங்கோட்டைக்கு வரும்போது ஈரமிழந்து, புழுதியைக் கிளப்பியபடி வீசுகிறது. அம்மியையே பறக்கவிடும் என்று பெயரெடுத்த ஆடிக்காற்றுக்குத் தொங்கும் கூடையிலுள்ள வெறுவேர் எம்மாத்திரம்? காலையில் நனைத்த வாண்டா வேர் சிறிது நேரத்திலேயே வெளுத்துவிடும். அம்மாதங்களில் செடிகளை மேற்குக் காற்று நேராக அடிக்காத இடத்துக்கு நகர்த்தி, வாண்டாவுக்குக் காலையிலும் பிற்பகலிலும் என இருவேளை நீர் தெளிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழாக மாறும். அடைமழையில் பெலனாப்சிஸின் இலைநடுவே தேங்கும் நீர் இரவு முழுவதும் நின்றால் குருத்து அழுகிவிடும். குருத்துப் போனால் அச்செடி பிழைப்பது அரிது. மழைக்குள் வைப்பதைத் தவிர்ப்பதோடு, தொட்டியைச் சற்றுச் சாய்த்து வைத்தால் நீர் வழிந்துவிடும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாளியில் வெள்ளை படிய வைக்குமானால், அதே உப்பு வேரிலும் படியும். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. மற்றவர்கள் மழைநீரைப் பிடித்து வைக்கலாம். கடலைப் புண்ணாக்குக் கரைசலை ஊற்றுவது கரித்துண்டுகளின் இடைவெளியை அடைத்து எறும்பையும் அழைத்துவரும். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து வாரம் ஒருமுறை தெளித்தால் போதும். இடையில் ஒருமுறை வெறும் நீரால் நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

டென்ட்ரோபியத்தின் இலையுதிர்ந்த பழைய தண்டுகளைக் காய்ந்த குச்சி என்று வெட்டிப் போடுவோரும் உண்டு. அத்தண்டுகள்தான் செடியின் சேமிப்பு. அவற்றிலிருந்தே மீண்டும் பூக்கவும் செய்யும். சுருங்கிப் பழுப்பாகும்வரை விட்டுவைக்க வேண்டும்.

கடைசியாக, மலையிலிருந்து செடி பெயர்த்துவரும் பழக்கம். களக்காடு, முண்டந்துறைக் காடுகள் 1988 முதல் புலிகள் காப்பகம். அங்கே ஒடிந்து கிடக்கும் கிளையிலுள்ள ஆர்க்கிட்டையும் எடுத்துவர அனுமதியில்லை. பொதிகை மலைத்தொடருக்கே உரிய, ட்ரூரி என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயர் தாங்கிய செருப்பு வடிவப் பூவுடைய ஆர்க்கிட், இப்படிப் பெயர்த்தெடுத்தே அரிதாகிப்போனது. மூடுபனியில் வளர்ந்த செடி நம் ஆடிக்காற்றுக்குத் தாங்கவும் தாங்காது. மரத்தில் ஆர்க்கிட் பார்க்க ஆசைப்படுவோர் நர்சரி வாண்டாவை வீட்டு மாமரத்தில் கட்டலாம்: காற்று ஓய்ந்த ஆவணி, புரட்டாசியில், கிழக்கு பார்த்த பக்கமாக, வேரை மூடாமல், பழைய வேட்டிக் கிழிசலால் தளர்வாக. புதுவேர் பட்டையைப் பற்றிக்கொண்ட பிறகு துணிக்கட்டை அவிழ்த்துவிடலாம்.