போர்க்கள நிலத்துக்குப் பணம் திரட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் எங்கள் கவுன்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) போர்க்களப் பாதுகாப்புக் குழுவில் பதினேழு ஆண்டுகளாகக் கணக்கு வழக்கைப் பார்த்துவருகிறேன். போன மாதம் பக்கத்து கவுன்டியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை நடந்த சோள வயல் ஒன்று விற்பனைக்கு வருகிறது, வீட்டுமனை ஆவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்றார்கள். அவர்களுடைய நிதித் திட்டத்தைப் புரட்டியதுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாங்கள் செய்த அதே தவறு.

கையெழுத்து விட்டுப்போவது, கடைசித் தேதியைத் தவறவிடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. நிலமே கைநழுவிப் போகிற தவறுகளைப் பார்ப்போம்.

மத்திய அரசின் பணத்தை மாநிலப் பணம் என்று எண்ணுவது

மத்திய அரசின் துறையான தேசியப் பூங்கா சேவையின் அமெரிக்கப் போர்க்களப் பாதுகாப்புத் திட்டம் நிலம் வாங்க மானியம் தருகிறது. விலையில் பாதி வரைதான் தரும். மறுபாதி நம் பங்கு. அதில் மத்திய அரசின் காசு ஒரு டாலர்கூட இருக்கக் கூடாது.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் மத்திய அரசின் பணம் மாநிலத் துறைகள் வழியாகவும் வரும். காசோலையில் மாநிலத்தின் பெயர்தான் இருக்கும், பணம் கிளம்பிய இடம் வாஷிங்டன்.

2009இல் நாங்கள் குறிவைத்தது நாற்பது ஏக்கர். உரிமையாளர் வயதான அம்மா ஒருவர். நாங்கள் போனபோது சமையலறை மேசையில் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே ஈயக் குண்டுகள். கணவர் உழும்போது பொறுக்கியவையாம். மேலே சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துப்போயிருந்தன, அடிப்பகுதியில் மூன்று வளையக் கோடுகள் விரல் நகத்துக்குத் தட்டுப்பட்டன. “நிலத்தோடு இதையும் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். ஒன்பது மாத அக்ரிமென்ட், விலை ஆறு லட்சம் டாலர்.

மூன்று லட்சத்துக்கு மானியம் கேட்டோம். நன்கொடையாக ஒரு லட்சம் சேர்ந்தது. மாநிலப் போக்குவரத்துத் துறை இரண்டு லட்சம் ஒதுக்கியது. கணக்கு முடிந்தது என்று நிம்மதியாக இருந்தோம். எட்டாவது மாதம் மானிய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: போக்குவரத்துத் துறை தரும் பணம் மத்திய நெடுஞ்சாலை நிதியிலிருந்து வருவது, உங்கள் பங்கில் சேராது. ஐந்து வாரத்தில் இரண்டு லட்சத்துக்கு எங்கே போவது? எழுபதாயிரம்தான் தேறியது. அந்த அம்மாவுக்கு மருத்துவச் செலவு, அவரால் காத்திருக்க முடியவில்லை. இன்று அங்கே முப்பத்தொரு வீடுகள்.

ஒதுக்கீட்டுக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் மத்திய அரசின் உதவித் திட்ட எண் அச்சாகியிருந்தது. அதைப் படித்தவன் நான்தான். இது என்ன எண் என்று ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். இப்போது நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

இதே தவறு இன்னொரு வழியிலும் வரும். 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நில, நீர்ப் பாதுகாப்பு நிதி, கடலடி எண்ணெய், எரிவாயு வருமானத்தில் நடப்பது. போர்க்கள மானியமே அதிலிருந்துதான் வருகிறது. மாநிலங்களுக்கும் அதில் ஒரு பங்கு போகிறது. அந்தப் பங்கை வாங்கி நம் பாதியாகக் காட்டினால் செல்லாது.

எது செல்லும்? மாநிலமே தன் பட்ஜெட்டில் ஒதுக்கும் பணம் செல்லும், வர்ஜீனியாவின் போர்க்களப் பாதுகாப்பு நிதி அப்படிப்பட்டது. கவுன்டி தருவதும், தனியார் நன்கொடையும், அமெரிக்கன் பேட்டில்ஃபீல்ட் டிரஸ்ட் போன்ற அமைப்புகள் திரட்டித் தருவதும் செல்லும். உரிமையாளர் சந்தை மதிப்பைவிடக் குறைத்துக் கொடுத்தால், அந்தக் குறைத்த தொகையையும் நம் பங்காகக் காட்டலாம். இதைப் பலர் கேட்பதே இல்லை.

வங்கிக்காரரின் மதிப்பீட்டை நம்புவது

மத்திய அரசு நிலம் வாங்குவதற்கென்று தனி மதிப்பீட்டு விதிகள் உண்டு, ‘மஞ்சள் புத்தகம்’ என்பார்கள். இந்த மானியத்துக்கும் அதுதான் விதி; அதன்படி செய்யாத மதிப்பீடு வீண் செலவு. அந்த மதிப்புக்கு மேல் உரிமையாளர் கேட்டால், கூடுதல் தொகை முழுவதும் நம் தலையில்.

சண்டை நடந்த இடமெல்லாம் தகுதி பெறும் என்று நினைப்பது

உள்நாட்டுப் போர்க்களம் என்றால் அந்தக் களங்களை ஆராய்ந்த அரசு ஆணையத்தின் 1993ஆம் ஆண்டு அறிக்கையில் உள்ள 384 களங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் பட்டியலைப் பாருங்கள்.

தேசியப் பூங்கா எல்லைக்குள் உள்ள நிலம்

இந்த மானியம் கிடையாது.

சங்கத்தின் பெயரில் விண்ணப்பிப்பது

மாநிலமோ கவுன்டியோ விண்ணப்பிக்க வேண்டும். நாம் கூட்டாளி மட்டுமே.

வட்டியை மறப்பது

விற்பவரின் அவசரத்துக்கு மானியம் வராது, இடையில் கடன் வாங்க வேண்டியிருக்கும். ஃபிரெடெரிக்ஸ்பர்க் போர்க்களத்தின் ஸ்லாட்டர் பென் பண்ணை 208 ஏக்கர். இன்று அமெரிக்கன் பேட்டில்ஃபீல்ட் டிரஸ்ட் எனப்படும் அமைப்பு 2006இல் அதை 1.2 கோடி டாலருக்கு வாங்கியது, கடன் அடைந்தது 2022இல். அவ்வளவு பெரிய அமைப்புக்கே பதினாறு ஆண்டுகள் ஆயின. ஆகவே வட்டியைத் திட்டத்தில் தனி வரியாகவே எழுதுங்கள். எங்கள் முதல் திட்டத்தில் அந்த வரியே இல்லை.

அந்த நால்வரின் திட்டத்தில் ‘மாநிலப் பாதுகாப்புத் துறை’ என்று ஒரு தொகை இருக்கிறது. அதைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டேன். ஒதுக்கீட்டுக் கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும்தான் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டாம் பக்கத்தை இன்று மாலைக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.