நீளமான ஆங்கிலச் சொற்களைப் பிரிக்கும்போது செய்யக்கூடாதவை

புதிதாக ஆங்கிலம் படிக்க வருகிறவர்கள் நீளமான சொல்லைக் கண்டதும் பென்சிலால் கோடு போட்டுத் துண்டு துண்டாக்கி விடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்கப்புறம் வரும் தவறுகள் ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒலிக்காத எழுத்து மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன். படிக்கப் படிக்க அவை தானே சரியாகிவிடும்.

எல்லா அசைக்கும் ஒரே அழுத்தம்

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். ஓர் அசைக்கு ஒரு கைதட்டல் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். கம்-யூ-னி-கே-ஷன், ஐந்து தட்டு, ஐந்தும் ஒரே சத்தம். வாய்ப்பாடு ஒப்பிப்பது போல அதுவே நாக்கில் படிந்துவிடுகிறது.

தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல்லின் பொருள் மாறாது. ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவரின் காதோ அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லை அடையாளம் காண்கிறது. என்னிடம் படித்த ஒரு பெண் தொலைபேசி நேர்காணலில் ‘அட்மினிஸ்ட்ரேஷன்’ என்றாள். ‘அட்மினிஸ்டர்’ சொல்லிப் பழகிய வாய், அழுத்தம் ‘மி’யிலேயே நின்றுவிட்டது. எதிர்முனையில் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, கடைசியில் எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். அதோடு அவள் தைரியம் போய்விட்டது. மீதி நேர்காணலில் ஒற்றை வரிப் பதில்கள்தான். இலக்கணத்தில் அவளிடம் ஒரு குறையும் இல்லை.

பின்னொட்டு சேர்ந்தால் அழுத்தம் நகரலாம். ஃபோட்டோகிராஃப் முதல் அசையில் அழுந்தும். ஃபோட்டோகிராஃபர் இரண்டாவதில், அப்போது முதல் ‘ஃபோ’ சுருங்கி ‘ஃப’ ஆகி, ‘ஃபடாக்ரஃபர்’ என்று ஒலிக்கும். ஃபோட்டோகிராஃபிக் மூன்றாவதில். ஷன், இக், இட்டி என்று முடியும் சொற்களில் பெரும்பாலும் அந்த முடிவுக்குச் சற்று முன்னால் அழுத்துங்கள்: எலெக்ட்ரிக்கில் ‘லெக்’, எலெக்ட்ரிசிட்டியில் ‘ட்ரி’. பாலிடிக்ஸ் இதற்கு அடங்காது, முதல் அசையிலேயே நிற்கும். ‘மென்ட்’ சேர்ந்தால் பெரும்பாலும் எதுவும் நகராது. டெவலப், டெவலப்மென்ட் இரண்டிலும் ‘வெ’தான், நம்மில் பலர் ‘டெ’யை அழுத்துகிறோம்.

அதனால் கோடு போட்ட கையோடு எந்த அசை கனமானது என்று பார்த்து அதற்கு அடியில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி வைக்காமல் வாய்விட்டுப் படிக்க வேண்டாம்.

பார்த்த இடமெல்லாம் முன்னொட்டு

‘இன்’ என்றால் ‘இல்லை’ என்று மனப்பாடம் செய்தவர், பெட்ரோல் டேங்கர் லாரியில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருப்பதைத் தீப்பிடிக்காது என்று எடுத்துக்கொள்வார். அர்த்தம் நேர் எதிர். அது ‘இன்ஃப்ளேம்’, அதாவது மூட்டிவிடு என்ற வினையிலிருந்து வந்தது.

அசையையும் பொருளையும் குழப்புவது

ஹெலிகாப்டரை வாய் ஹெ-லி-காப்-டர் என்று பிரிக்கும். பொருள் பிரிவது ஹெலிகோ, ப்டர் என்று. கிரேக்கத்தில் திருகு, சிறகு. இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

எழுத்தை எண்ணுவது

‘ஸ்ட்ரெங்த்ஸ்’ (strengths) ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து, ஆனால் ஒரே அசை.

அகராதிக் குறி

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் அகராதிகளில் மேலே நிற்கும் சின்னக் கோடு அழுத்தக் குறி, அதற்கு அடுத்து வரும் அசைக்கு உரியது.