முகத்தை விடுங்கள், அடியைப் பாருங்கள்: மலை ஜீப்புகளை இனம் காண ஒரு செய்முறை

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளில் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஒன்று உயரமாக நிற்கும், ஒன்றுக்குப் பக்கவாட்டில் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், ஒன்றின் பானட் பளபளவென்று புதிதாக இருக்க, சத்தம் மட்டும் அப்பா காலத்து டீசலாக வரும். தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில், ஜீப் பாதை கிளம்புவது கேரளத்தில். அதனால் கே.எல். 68, கே.எல். 69, டி.என். 60 எல்லாமே அங்கே கலந்து நிற்கும். பூப்பாறை, குமுளி, கம்பம்மெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் வண்டிகளும் இதே கதைதான். "இது என்ன வண்டி?" என்று கேட்டால் பாதிப் பேர் "மகிந்திரா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை லேத்துக்காரர்கள், டிங்கர்கள், வெல்டர்களின் உழைப்பு இருக்கிறது என்பதைப் பார்க்கக் கற்றுக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

தேவையான சாமான்கள்

தலையில் மாட்டும் டார்ச், அளவு டேப், ஒரு சின்னக் காந்தம். போன் வெளிச்சம் போதும் என்பார்கள், போதாது. வண்டிக்குக் கீழே குனியும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். காந்தம் எதற்கு என்றால், பாடியில் தகரம் எங்கே, பட்டி எங்கே, ஃபைபர் எங்கே என்று கண்டுபிடிக்க. தகரத்தில் ஒட்டும், கனமாகப் பட்டி போட்ட இடத்தில் நழுவும். பெயின்ட் கீறாமல் இருக்கக் காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அனுமதி. "அண்ணே, கீழே குனிஞ்சு பாத்துக்கட்டுமா?" என்றோ, மலையாளி என்றால் "சேட்டா" என்று கூப்பிட்டோ கேட்டால் போதும். வண்டியை ஆசையாகக் கட்டியவர்கள் காட்டத்தான் செய்வார்கள். சவாரிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் கேட்காதீர்கள்.

முதலில் கிரில்லை மறந்துவிடுங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் முன்பக்கக் கிரில்லில் கோடு எண்ணத் தொடங்குவார்கள். வரலாறாக அது சரிதான். போர்க்கால ஜீப்பில் தகரத்தில் அழுத்திச் செய்த கிரில்லில் 9 கோடு, 1945-ல் வந்த சிவிலியன் சி.ஜே.2ஏ-வில் 7. ஆனால் கிரில் நான்கைந்து போல்ட்டில் கழன்று வரும் சாமான். யாரும் எதையும் மாட்டலாம்.

பானட் உயரம் கொஞ்சம் நம்பத்தக்கது. அமெரிக்க ஜீப் கம்பெனியான வில்லிஸ் 1953-ல் கொண்டுவந்த சி.ஜே.3பி-யில் ஹரிக்கேன் என்ற எஞ்சினை வைத்தார்கள். அதில் இன்டேக் வால்வு மேலே ஹெட்டில் இருந்ததால் எஞ்சின் உயரம் கூடிவிட்டது, பானட்டையும் தூக்க வேண்டியதாயிற்று. நம் ஊர் மகிந்திரா ஜீப்புகள் நெடுங்காலம் அந்த உயர்ந்த மூக்கோடுதான் ஓடின. எனக்கு அந்த முகம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதையும் வெட்டி ஒட்டுகிறார்கள்.

ஷாஃப்ட்டை எண்ணுங்கள்

எனக்கும் நெடுநாள் பிடிபடாமல் இருந்தது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வண்டியின் பக்கவாட்டில் உட்கார்ந்து, டார்ச்சை நடுவில் அடித்து, எத்தனை ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ் பக்கமிருந்து ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) இருக்கிறது என்று எண்ணுங்கள்.

பின்பக்கம் போகும் ஒன்று மட்டும் இருந்தால் அது 4x2. எவ்வளவு பெரிய டயர் போட்டிருந்தாலும், எத்தனை விளக்கு மாட்டியிருந்தாலும் முன்சக்கரம் இழுக்காது. ஹரியானாவின் மண்டி டப்வாலியில் கட்டி வரும் அழகான திறந்த ஜீப்புகளில் பல இந்த ரகம். ஊருக்குள் ஓட்ட அருமையான வண்டி, கொழுக்குமலைக்கு அல்ல.

முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டு இருந்தால் வில்லிஸ் வழிவந்த 4x4. இதில் எஞ்சின் சக்தியை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸின் முதுகிலேயே ஒட்டியிருக்கும். பழைய வில்லிஸ்களில் முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலும் (ஆக்ஸிலில் பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டை) நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கி நிற்கும். பழைய ஜீப் என்று சொல்லி, பின் டிஃபரன்ஷியல் சரியாக நடுவில் இருந்தால் ஆக்ஸில் வேறு வண்டியிலிருந்து வந்தது. அப்போது "எந்த ஆக்ஸில் போட்டீங்க?" என்று கேளுங்கள், உரிமையாளர் முகம் மலரும்.

மூன்று ஷாஃப்ட் இருந்தால்? மேலே எந்த முகம் இருந்தாலும் கீழே அநேகமாக மாருதி ஜிப்ஸி. ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாகத் தொங்கும். இரண்டையும் இணைக்க ஒரு குட்டி ஷாஃப்ட், அப்புறம் முன்னே ஒன்று, பின்னே ஒன்று. வில்லிஸ் பாடி போட்ட ஜிப்ஸியை வேறு எதை வைத்தும் இவ்வளவு சுலபமாகப் பிடிக்க முடியாது. இரண்டுக்கும் ஒரே 5 போல்ட், 139.7 மி.மீ. வட்டம் என்பதால் வீல் டிஸ்க்கை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, அது அங்கே இங்கே மாறிக்கொண்டே இருக்கும்.

(பின்சேர்க்கை: போடியிலிருந்து ஒரு வாசகர், "எங்கள் நீள ஜீப் 4x2-தான், ஆனால் இரண்டு ஷாஃப்ட் இருக்கிறதே" என்று கேட்டிருந்தார். நீள வண்டிகள் சிலவற்றில் பின் ஷாஃப்ட்டையே இரண்டு துண்டாக்கி நடுவில் ஒரு பேரிங்கில் தொங்கவிடுவார்கள். இரண்டும் பின்பக்கமே போனால் அது ஒன்று என்றே கணக்கு.)

டேப் போடுங்கள்

முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை. சின்ன வில்லிஸ் 80 அங்குலம், ஜிப்ஸி 2375 மி.மீ., 2010-ல் வந்த மகிந்திரா தார் 2430 மி.மீ. தெரிந்த எந்த அளவோடும் ஒத்துப்போகாமல் வந்தால் சேஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) வெட்டியிருக்கலாம், நீட்டியிருக்கலாம், ஆக்ஸிலை நகர்த்தியிருக்கலாம். சேஸ் ஓரமாக டார்ச்சைச் சாய்த்து அடித்துக்கொண்டே போங்கள், ஒட்டு தெரியும். நல்ல வெல்டிங் மீன் செதில் அடுக்கியதுபோல் சீராக இருக்கும். ஒட்டிய இடத்துக்கு மேல் ஒரு தகடும் வைத்து உறுதி பண்ணியிருந்தால் அந்த வெல்டரை மனதாரப் பாராட்டுங்கள்.

பட்டை மேலா, கீழா

பழைய ஜீப், ஜிப்ஸி இரண்டிலும் கம்பெனி கொடுத்தபடி லீஃப் ஸ்பிரிங் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும். அதைக் கழற்றி ஆக்ஸிலுக்கு மேலே உட்கார வைத்தால் வண்டி ஒரே தாவலில் உயர்ந்துவிடும். யூ போல்ட் கட்டியிருக்கும் இடத்தைப் பார்த்தாலே தெரியும்.

உயர்த்துவது சுலபம். அதற்குப் பின்னால் வரும் வேலையில்தான் கைத்திறன் இருக்கிறது. வண்டி உயர்ந்தால் ஷாஃப்ட் சரியும், கிராஸ் (ஷாஃப்ட் முனையில் இருக்கும் சிலுவை இணைப்பு) சீக்கிரம் தேயும், நடுக்கம் வரும். விவரமானவர் டிஃபரன்ஷியலின் மூக்கைக் கொஞ்சம் மேலே திருப்பி வைத்திருப்பார். பிரேக் ஹோஸை நீளமாக மாற்றியிருப்பார், ஸ்டீயரிங் ராடின் கோணத்தைச் சரிசெய்திருப்பார். இந்த மூன்றும் சரியாக இருந்தால் அது படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய வண்டி. உயரம் மட்டும் இருந்து ஹோஸ் விறைத்துக்கொண்டிருந்தால் அதில் சவாரி போக மாட்டேன்.

காது

மலையில் குளிர்காலை இதற்கு ஏற்ற நேரம். சாவி திருப்பியதும் ஓட்டுநர் ஹீட்டருக்காக (ஸ்டார்ட் ஆகும் முன் எஞ்சினைச் சூடாக்கும் பிளக்) கொஞ்சம் காத்திருந்து, அப்புறம் ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் பெஜோ டீசல். மகிந்திரா எம்.எம்.540-ல் வந்த 2112 சி.சி. எஞ்சின் அந்தக் குடும்பம். காத்திருக்காமல் உடனே கடகடவென்று பிடித்து, சத்தம் முரடாக அடித்தால் மகிந்திராவின் 2523 சி.சி. டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) டீசல். ஜிப்ஸி பாடிக்குள்ளிருந்து டீசல் சத்தம் வந்தால் எஞ்சின் மாறியிருக்கிறது, ஏனென்றால் மாருதி இங்கே ஜிப்ஸியைப் பெட்ரோலில்தான் விற்றது.

மற்றவை

ஸ்நார்க்கல் (தண்ணீரில் இறங்கும்போது எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று இழுக்கும் குழாய்) ஏர் ஃபில்டரோடு சேர்கிறதா என்று பானட்டைத் திறக்கும்போது பாருங்கள், சேராவிட்டால் அது வெறும் அலங்காரம். ரோல் கேஜ் (கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் கூண்டு) குழாய் தரைத் தகரத்தோடு நிற்கிறதா, சேஸ் வரை இறங்குகிறதா என்பது முக்கியம். வண்டியை வடத்தால் இழுக்கும் வின்ச்சுக்கும் இதே விதி.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதையெல்லாம் படித்துவிட்டு உடனே வண்டி கட்டக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கேரளத்திலிருந்து போன வழக்கு. எஞ்சின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.-யில் ஏற்றியிருக்க வேண்டும். வாங்க நினைக்கும் வண்டி என்றால் சேஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.-யோடு ஒப்பிடாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ரசிக்க மட்டும் வந்தவர்கள் படம் போடும்போது நம்பர் பிளேட்டை மறைத்துவிடுங்கள்.

(இன்னொரு பின்சேர்க்கை: "தாரில் முன்னால் பட்டையே தெரியவில்லை, யாரோ கழற்றிவிட்டார்களா?" என்று குமுளியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். இல்லை. 2010 தார் சி.ஆர்.டி.இ.-யில் முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கத்தால் எடையைத் தாங்கும் கம்பி) வைத்த தனித்தனி சஸ்பென்ஷன், பட்டை பின்னால் மட்டும்தான். அந்த வண்டியில் முன்னாலும் முழு ஆக்ஸிலும் பட்டையும் இருந்தால்தான் யாரோ பெரிய வேலை செய்திருக்கிறார்கள். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஸ்டீயரிங் இணைப்பையும் சேர்த்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.)