லேக்கர் பூச்சு வெளுத்துப் போகிறதா?

1/32 அளவில் ஓர் எஃப்-16 போர் விமான மாடல் என்றால் மூக்கிலிருந்து வால்வரை ஏறக்குறைய 47 செ.மீ. அத்தனை பெரிய பரப்பில் சாம்பல் நிற லேக்கர் (சட்டென உலரும் பெயின்ட்) அடித்துவிட்டுப் பார்த்தால், இறக்கையில் பால் தெளித்த மாதிரி ஒரு வெண்படலம். பெயின்டைத் திட்ட வேண்டாம், காரணம் நம்ம சிங்கப்பூர் ஈரக்காற்று. பெயின்டை நீர்க்க வைக்கும் தின்னர் சட்டென ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது; காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. டிசம்பர் மழையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சன்னலோரம் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கருவி) பிடிப்பவர்களுக்கு இது பழகிய தொல்லைதான்.

மெதுவாக உலர வைக்கும் ரிட்டார்டர் கலந்த லெவலிங் தின்னரை வாங்குங்கள். பெரிய மாடலுக்கு மற்றதில் காசைப் போடுவது வீண். வேலைக்கு அரை மணி முன்பே ஏர்கானை டிரை மோடில் ஓட விடலாம். அதற்காக அறையை அடைத்துக்கொண்டு அடிக்காதீர்கள். லேக்கர் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், தீயும் பற்றும். ஆவியை உறிஞ்சும் ஸ்ப்ரே பூத்தின் குழாய் வெளியே போகட்டும், கரி வடிகட்டி உள்ள மாஸ்க்கும் வேண்டும். அப்புறம், கம்ப்ரஸரின் ஈரம் பிடிக்கும் கிண்ணத்தை இடையிடையே வடித்துவிடுங்கள்.

சரி, ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? தேய்க்காதீர்கள். அதே தின்னரை மட்டும் ஏர்பிரஷ் கப்பில் ஊற்றி, சற்றுத் தள்ளிப் பிடித்து மிக லேசாக ஒரு தடவை அடியுங்கள். மேல்பூச்சு இளகி ஈரம் வெளியேறும், நிறம் பெரும்பாலும் திரும்பிவிடும். கை கொஞ்சம் தாராளமானால் பெயின்ட் வழிந்து பேனல் கோடுகளை (மாடலில் தகடுகளின் இணைப்பைக் காட்டும் பள்ளக் கோடுகள்) மூடிவிடும். டெக்கால் (சின்னங்கள் அச்சிட்ட மெல்லிய படலம்) ஒட்டிய இடத்தில் மட்டும் இந்த வேலை கூடவே கூடாது, தின்னர் அதைக் கரைத்துவிடும்.