ஈசிஜியில் மாட்டாத துடிப்பு: என் அனுபவம்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அறைத் தோழர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், வேளச்சேரி அறையில் நான் மட்டும். வேலை போய்விடுமோ என்ற பயம், பேச ஆளில்லை. ஜூலையில் ஒரு ராத்திரி நெஞ்சுக்குள் மீன் துள்ளியதுபோல ஒரு துடிப்பு, ஒரு இடைவெளி, அப்புறம் தொம்மென்று ஒரு குத்து.

வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தேன். ஈசிஜி நார்மல், அது 10 விநாடிதானே பார்க்கிறது, அந்த நேரம் பார்த்து என் இதயம் நல்ல பிள்ளையாக இருந்தது. 24 மணி நேரம் உடம்போடு கட்டிவைத்த ஹோல்டர் என்ற சின்ன ஈசிஜி கருவியில்தான் மாட்டியது: இதயத்தின் கீழறையிலிருந்து முந்திக்கொண்டு வரும் துடிப்புகள். எக்கோ (இதய ஸ்கேன்), தைராய்டு, பொட்டாசியம் எல்லாம் சரி. மனம் ஓயாமல் பதறினால் அட்ரினலின் இதயத் தசையைச் சீண்டிக்கொண்டே இருக்கும், தூக்கமும் கெட்டால் இன்னும் மோசம் என்றார் டாக்டர். முந்தி வந்த துடிப்புக்குப் பிறகு இதயம் சற்று நின்று, கூடுதல் ரத்தம் நிரம்பி அடிக்கிறதாம். அதுதான் அந்தக் குத்து.

மாத்திரை தரவில்லை. ஆறு டம்ளர் காபியை ஒரு டம்ளராகக் குறைத்தேன், சும்மா சும்மா நாடி பிடித்துப் பார்ப்பதை விட்டேன் (இதுதான் ரொம்பக் கஷ்டம்), தினமும் சாயங்காலம் மொட்டைமாடியில் நடந்துகொண்டே அக்காவிடம் போனில் அரைமணி நேரம் பேசினேன், பெரும்பாலும் குழம்பைப் பற்றி. இரண்டு மாதத்தில் நன்றாகக் குறைந்தது. மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தால் இதையெல்லாம் செய்து பார்த்துக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். எனக்கு இப்போதும் எப்போதாவது மீன் துள்ளும், துள்ளட்டும் என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.