எழுதிய ஆண்டும் அச்சான ஆண்டும்: தொடக்கக்கால அமெரிக்க இலக்கியத்தைப் படிக்கும் முறை

குடியேற்றக் காலம் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரையிலான அமெரிக்க இலக்கியத்தைப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஓர் இலக்கிய வரலாற்று நூலை எடுத்துக்கொண்டு, பியூரிட்டன் (கண்டிப்பான சீர்திருத்தக் கிறித்தவர்கள்) காலம், புரட்சிக் காலம், ரொமாண்டிக் காலம் என்று வரிசையாக மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வுக்கு அது போதும். நானும் அப்படித்தான் தேறினேன். படைப்புகளுக்குள் நுழைந்த பிறகுதான் அந்த வரிசை தடுமாறத் தொடங்கும். இக்காலத்து நூல்களில் பல, எழுதப்பட்டு நெடுங்காலம் கழித்தே அச்சேறின என்பதே அதற்குக் காரணம். ஆகவே, முதல் வேலையாக ஒரு நோட்டில் மூன்று கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு படைப்புக்கும் எழுதிய ஆண்டு, அச்சான ஆண்டு, உங்கள் கையில் இருக்கும் பதிப்பு எந்தப் பிரதியைத் தழுவியது என்பவற்றைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

நான்கைந்து பெயர்களை எழுதியதுமே இதன் பயன் தெரிந்துவிடும். 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்து பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டு, அதன் வரலாற்றை 1630இல் எழுதத் தொடங்கினார். காணாமல்போன அந்தக் கையெழுத்துப் பிரதி 1855இல் லண்டன் ஆயரின் ஃபுல்ஹாம் அரண்மனை நூலகத்தில் இருப்பது தெரியவந்து, 1856இல்தான் முழுமையாக அச்சானது. மலைமேல் இருக்கும் பட்டணத்தை உவமை காட்டிய ஜான் வின்த்ராப்பின் 1630ஆம் ஆண்டு உரை அச்சானது 1838இல். 1729இல் மறைந்த எட்வர்டு டெய்லரின் கவிதைகள் யேல் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து வெளிச்சத்துக்கு வந்தது 1937இல். இன்றைய பாடத்திட்டத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலாசிரியர் ஹாதார்னுக்கு முன்பாக டெய்லரைப் படிக்கிறோம். ஹாதார்ன் டெய்லரின் கவிதைகளைப் படித்திருக்க வழியே இல்லை. யாரிடமிருந்து யார் கற்றார் என்று கட்டுரை எழுதும்முன் இந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், சமய உரைகளை ஒத்திவைத்து, பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞர் ஆன் பிராட்ஸ்ட்ரீட்டிலிருந்து தொடங்குங்கள் என்பேன். 1666 ஜூலை 10 அன்று அவருடைய வீடு எரிந்துபோனது. அதைப் பற்றி அவர் எழுதிய கவிதையில், இடிபாடுகளைக் கடந்து போகும் ஒரு பெண், பெட்டி இருந்த இடத்தையும் பேழை இருந்த இடத்தையும் கண்ணால் தேடுகிறாள். இனி இந்தக் கூரையின்கீழ் விருந்தினர் அமர மாட்டார், மெழுகுவர்த்தி எரியாது என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறாள். உடனே தன்னையே கடிந்துகொண்டு, எல்லாம் மாயை என்று விடைபெற்று, மேலுலகில் தனக்கொரு வீடு இருப்பதாகச் சொல்லித் தேறுகிறாள். இந்தத் திருப்பத்தைப் புரிந்துகொள்ள விவிலியம் பக்கத்தில் இருக்க வேண்டும். தமிழ் விவிலியமே போதும்: ‘மாயை, மாயை, எல்லாம் மாயை’ என்ற பிரசங்கியின் குரல்தான் அங்கே கேட்கிறது. ஆறுதலுக்கு அவர் செலவிட்ட அடிகளையும், இழந்த பொருள்களுக்குச் செலவிட்ட அடிகளையும் எண்ணிப் பாருங்கள்; நம்பிக்கைக்கும் ஏக்கத்துக்கும் நடக்கும் இழுபறி புலப்படும். இக்கவிதை அச்சானது 1867இல் என்பதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே கண்ணோடு மேரி ரோலண்ட்சனின் சிறைவாழ்வுக் கதைக்குச் செல்லலாம். 1676இல் பூர்வகுடிப் படையினரிடம் பிடிபட்டுப் பதினொரு வாரங்கள் அவர்களோடு அலைந்த அவர், 1682இல் வெளியான நூலில் நடந்த ஒவ்வொன்றையும் இறைவனின் திட்டமாகவே விளக்குகிறார். ஆனால் முதலில் அருவருத்த உணவு பிறகு இனித்தது என்று அவரே சொல்லும் இடங்களில், கண்டதும் வேதவசனமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கின்றன. பென்சிலால் கோடிட வேண்டிய இடங்கள் அவையே. பதினெட்டாம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் தன்வரலாற்றையும் தாமஸ் பெயினின் 1776ஆம் ஆண்டுத் துண்டுநூலான ‘காமன் சென்ஸ்’ஸையும் விரைவாகப் படித்து முடிக்கலாம்.

கறுப்பின எழுத்தாளர்களிடம் வரும்போது முன்னுரைகளைத் தாண்டிப் போகாதீர்கள். அடிமையாக இருந்த ஃபில்லிஸ் வீட்லியின் கவிதை நூல் 1773இல் லண்டனில் வெளியானபோது, இவை அவர் எழுதியவையே என்று பாஸ்டன் நகரப் பெரியமனிதர்கள் பதினெட்டுப் பேர் கையொப்பமிட்ட சான்றிதழ் அதில் சேர்க்கப்பட்டது. அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸின் 1845ஆம் ஆண்டுத் தன்வரலாற்றிலும் வெள்ளையர் இருவரின் எழுத்து முன்னே நிற்கிறது. ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861இல் லிண்டா பிரெண்ட் என்ற புனைபெயரில் எழுதிய தன்வரலாறோ, வேறு யாரோ எழுதிய புனைகதை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1980களில் ஜீன் ஃபேகன் யெலின் கடிதச் சான்றுகளோடு அவரே ஆசிரியர் என்று நிறுவினார். யார் சாட்சி சொன்னால் நம்பினார்கள் என்ற கேள்வியோடு இம்மூவரையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

1850 முதல் 1855 வரையிலான ஆண்டுகளுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’, ‘மோபி டிக்’, ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’, ‘வால்டன்’, ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ ஆகிய ஐந்தும் அந்தக் குறுகிய இடைவெளியில் வந்தவை. மோபி டிக்கின் லண்டன் பதிப்பில் முடிவுரை விடுபட்டுப்போனதால், எல்லாரும் மூழ்கிய பிறகு கதைசொல்லி மட்டும் எப்படிப் பிழைத்தான் என்று விமர்சகர்கள் குறைகூறினார்கள். விட்மனின் ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ நூலோ 1855இல் தலைப்பில்லாத பன்னிரண்டு கவிதைகளாகப் பிறந்து, 1892 வரை வளர்ந்துகொண்டே போனது. மேற்கோள் காட்டும்போது எந்தப் பதிப்பு என்று சொல்லாவிட்டால் பாதி பொருள் போய்விடும். தோரோவின் வால்டனில் குளிர்காலக் குளத்தைப் பற்றிய இயலை நம்மவர்கள் விட்டுவிடக் கூடாது. குளத்தில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறிப் போவதை எண்ணும் அவர், மதராஸ்காரர்களும் தன் கிணற்றில் தண்ணீர் குடிப்பதாக எழுதி, அதே மூச்சில் தான் காலையில் கீதை படிப்பதையும் சொல்கிறார். அந்த வணிகத்தை நடத்திய பாஸ்டன்காரர் ஃபிரெடரிக் டியூடர் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

பாடபேதம், அதாவது ஒரே படைப்பின் பிரதிகளுக்கிடையிலான வேறுபாடு, பார்க்கும் பயிற்சிக்குக் கவிஞர் எமிலி டிக்கின்சனைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதிய அவர் வாழ்நாளில் அச்சானவை மிகச் சிலவே. மரணம் வண்டியோட்டியாக வந்து அழைத்துச் செல்லும் கவிதையை 1890ஆம் ஆண்டுப் பதிப்பாசிரியர்கள் தாங்களாகவே ஒரு தலைப்பிட்டு, அவர் சொற்களுக்கிடையே இட்ட சிறு கோடுகளை ஒழுங்கான நிறுத்தற்குறிகளாக மாற்றி, நான்காம் பத்தியை முழுவதுமாக நீக்கி வெளியிட்டார்கள். நீக்கப்பட்ட பத்தியில்தான் சூரியன் அவர்களைக் கடந்து போகிறது, பனி இறங்குகிறது, மெல்லிய உடை அணிந்தவளுக்குக் குளிர் எடுக்கிறது. அந்தப் பத்தி இல்லாமல் ஒருமுறையும், அதைச் சேர்த்து ஒருமுறையும் கவிதையை வாய்விட்டுப் படியுங்கள். கையெழுத்துப் பிரதிகளின் படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.